டைனர்காரரின் அம்மா பேசிய மொழி

ரூட் 22 ஓரத்தில் இருந்த அந்த டைனரில் டர்க்கிஷ் காபி கேட்டவர்களுக்கு இரண்டு விஷயங்கள் கிடைக்கும். ஒன்று காபி. மற்றொன்று, அதன் பெயர் கிரீக் காபி என்கிற திருத்தம். ஜம்புநாதனுக்கு இரண்டும் கிடைத்தன.

"ரெண்டும் ஒரே காபிதானே?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"அதே தூள், அதே சட்டி, அதே நுரை" என்றார் டைனர் முதலாளி ஸ்டாவ்ரோஸ். "பேர் மட்டும் வேற. எழுபத்துநாலுல சைப்ரஸ்ல துருக்கிக்காரங்களோட சண்டை வந்ததிலிருந்து."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தவமணிதேவி தமிழில் முணுமுணுத்தாள். "சேர், பேசாமல் குடியுங்கோ. இன்னும் ஒரு கேள்வி கேட்டியள் எண்டால் பில்லிலே வரலாறும் சேர்ந்து வரும்."

ஜம்புநாதன் மெட்ராஸ் போலீஸில் இருபது வருடம் இருந்துவிட்டு, அக்காவின் தயவில் கிரீன் கார்டு வாங்கி வந்தவர். ஜெர்ஸி சிட்டியில் ஒரு புடவைக் கடையின் மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்தினார். முக்கால்வாசி வேலை, அமெரிக்க மாப்பிள்ளைகள் நிஜமாகவே என்ஜினீயர்களா என்று மயிலாப்பூர் அப்பாக்களுக்கு எழுதித் தெரிவிப்பது. தவமணிதேவி யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியையாக இருந்தவள். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தின்போது கொழும்பில் இருக்க நேர்ந்து, உயிர் மிச்சமாகி, நியூ ஜெர்ஸியில் இருந்த அக்காவிடம் வந்து சேர்ந்தாள். அகதி விண்ணப்பம் மூன்று வருடமாக எங்கேயோ ஒரு மேஜையில் உறங்கிக்கொண்டிருந்தது. ஜம்புநாதன் டிரைவிங் டெஸ்டில் மூன்று முறை தோற்றவர் என்பதால், நிறுவனத்தின் காரும் வரைபடமும் பாதி மூளையும் அவள் பொறுப்பில் இருந்தன.

ஸ்டாவ்ரோஸ் விஷயத்துக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது, பெரிய உடம்பு. சுவரில் நீலமும் வெள்ளையும் பூசி, வாசலில் பிளாஸ்டர் தூண் நான்கு நிறுத்தியிருந்தார். ஊர் கிரேக்கர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

"என் அம்மா டெஸ்பினா. எழுபத்திரண்டு வயசு. ஆசியா மைனர்ல பிறந்து, சின்ன வயசுல கிரீஸுக்கு அகதியா வந்தவ. மூணு வாரம் முன்னாடி ஸ்ட்ரோக். அதுக்கப்புறம் இங்கிலீஷ் போச்சு, கிரேக்கமும் போச்சு. வாயில என்னவோ வருது. டாக்டர் வார்த்தையெல்லாம் மூளைக்குள்ள நொறுங்கிப் போச்சுன்னு சொல்றார். வெள்ளிக்கிழமை அவளைப் பூட்டின வார்டுக்கு மாத்தப் போறாங்க. சாப்பிட மாட்டேங்கறா, தட்டைத் தள்ளி விடறா."

"இதுல நாங்க துப்பறிய என்ன இருக்கு?"

"ரெண்டு விஷயம் இருக்கு." ஸ்டாவ்ரோஸ் குரலைத் தாழ்த்தினார். "வியாழக்கிழமை தோறும் சாம்பல் நிறத் தொப்பி போட்ட ஒரு கிழவன் அவளைப் பார்க்க வரான். பார்வையாளர் புத்தகத்துல உறவுங்கற இடத்துல தம்பின்னு எழுதியிருக்கு. என் அம்மா ஒரே பிள்ளை. போன வாரம் அவளை வெளியே எங்கேயோ கூட்டிட்டுப் போகணும்னு நர்ஸ்கிட்ட கேட்டிருக்கான். நர்ஸ் எனக்கு போன் பண்ணினா. எனக்கு அப்படி ஒரு மாமா கிடையாது, அவன் என்ன சொன்னாலும் நம்பாதேன்னு சொல்லி வெச்சேன்."

"இன்னொரு விஷயம்?"

அவர் ஒரு துணிப்பையிலிருந்து பழுத்துப்போன ஆறு கடிதங்களை எடுத்து வைத்தார். "அம்மாவோட பெட்டியடியில இருந்தது. எழுத்து கிரேக்க எழுத்து. ஆனா கிரேக்கம் இல்லை. எங்க பாதிரியார் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், செமினரியில கிரேக்கம் படிச்சவர். அவருக்கு ஒரே ஒரு வார்த்தைதான் புரிஞ்சுது. டோஸ்ட்."

"ரொட்டி டோஸ்ட்டா?"

"அதேதான். ஒரு கடிதத்துல மூணு இடத்துல டோஸ்ட் வருது. ஏதோ உளவாளி சங்கேதமா இருக்கலாங்கறார்."

"ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தஞ்சிலே ஆர் சேர் ரொட்டியை வைச்சு உளவு பார்த்தது?" என்றாள் தவமணி, கடிதத்தின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்து. "அதுக்கு ஜாம் எண்டுதான் பதில் வந்திருக்கும்."

"அவங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் ஸ்டாவ்ரோஸ்.

"கேஸை எடுத்துக்கலாம்னு சொல்றாங்க" என்றார் ஜம்புநாதன்.

*

கிளிஃப்டனில் இருந்த முதியோர் இல்லத்துக்குப் போக அரை மணி நேரம் ஆயிற்று. டெஸ்பினா ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகத்தின் ஒரு பக்கம் தொங்கிப் போயிருந்தது. கண்கள் மட்டும் கூர்மையாக இருந்தன. வந்தவர்கள் இருவரையும் செருப்பிலிருந்து தலை வரை பார்த்துவிட்டு, தவமணியின் நெற்றிப் பொட்டில் நிறுத்தினாள்.

நொறுங்கிப்போன மூளை இப்படிப் பார்க்காது என்று தவமணிக்குத் தோன்றியது. பரீட்சை மண்டபத்தில் பிட் அடிப்பவளைக் கண்டுபிடித்த டீச்சரின் பார்வை அது.

கிழவி தொங்கிய பக்கத்துக் கன்னத்தைத் தொட்டாள். நிறுத்தி நிதானமாக, காது கேளாதவர்களுக்குச் சொல்வதுபோல் சொன்னாள். "திஷிம் ஆரியோர்."

"எப்பவும் இதேதான்" என்றாள் நர்ஸ். "கன்னத்தைத் தொட்டுட்டு இதையே சொல்லுவாங்க. வாதம் வந்த பக்கம் இல்லையா, மரத்துப் போயிருக்கும்."

ஜம்புநாதன் நெற்றியைச் சுருக்கினார். "ஆரியர்னா சொல்றாங்க?"

"உங்கட ஊர்ச் சண்டை கிளிஃப்டனுக்கும் வந்திட்டுது சேர். நீங்கள் திராவிடர் எண்டு பதில் சொல்லிப் பாருங்கோ."

கிழவி மறுபடியும் சொன்னாள். அதே வார்த்தைகள், அதே வரிசை, அதே அழுத்தம். தவமணி கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துத் தமிழில் எழுதிக்கொண்டாள். பத்து நிமிடத்தில் ஏழு முறை சொன்னாள் கிழவி. ஏழு முறையும் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

திரும்பி வரும்போது காரில் அதைத்தான் சொன்னாள். "உளறுற ஆள் ஒரே மாதிரி ஏழு தரம் உளற மாட்டா. அவ என்னவோ ஒரு பாஷை கதைக்கிறா சேர். இஞ்சை உள்ள ஆக்களுக்குத்தான் விளங்கேல்லை."

"கிரேக்கக்காரி. கிரேக்கம் இல்லாம வேற என்ன பேசுவா?"

"அதைத்தானே கண்டுபிடிக்கச் சொல்லி உங்களைப் பிடிச்சது."

ஜம்புநாதன் இந்த வாதத்தில் இருந்த நியாயத்தை ஒப்புக்கொண்டார்.

*

அலுவலகத்தில் தவமணி கடிதங்களை மேஜையில் பரப்பினாள்.

"உங்களுக்கு கிரேக்க எழுத்து தெரியுமா?" என்றார் ஜம்புநாதன்.

"பதினாலு வருஷம் கணக்குப் படிப்பிச்சனான். ஆல்ஃபா, பீட்டா, தீட்டா, பை, சிக்மா. அம்மாவைவிட அதுகளோடதான் கூடக் காலம் இருந்திருக்கிறன். பாஷை தெரியாது. எழுத்துத் தெரியும்."

ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் கூட்டி, தமிழில் எழுதிக்கொண்டே போனாள். சில எழுத்துகளின் தலையில் ஒரு புள்ளி இருந்தது. அவள் கணக்குப் புத்தகத்தில் அப்படிப் புள்ளி வைத்த எழுத்து கிடையாது. புள்ளியை விட்டுவிட்டாள். முதல் பக்கம் முடிவதற்கு இரண்டு மணி நேரம் பிடித்தது.

ஜம்புநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் எழுதியதைத் தமிழ்போல வாய்விட்டுப் படித்தார். நான்காவது வரியில் நின்றார்.

"இது என்ன, தோஸ்த்?"

"அதுதான் சேர் பாதிரியார் சொன்ன டோஸ்ட்."

"டோஸ்ட் இல்லை தவமணி. நீங்க தொஸ்த்னு எழுதியிருக்கீங்க. நான் தோஸ்த்னு படிச்சேன். நம்ம எழுத்துல தண்ணிக்கும் பந்துக்கும் ஒரே த தானே? முதல் எழுத்தை அழுத்தமா படிச்சா பாதிரியாரோட ரொட்டி. தலையில புள்ளி இருக்கே, அதுக்காக மெதுவா படிச்சா..." அவர் விரலை வரி வரியாக ஓட்டினார். "இதோ பாருங்க, துஸ்மன். இங்க துனியா. தோஸ்த், துஷ்மன், துனியா. நண்பன், எதிரி, உலகம். மூணையும் சேர்த்தா ஒரு ஹிந்திப் படம் எடுக்கலாம். திருவல்லிக்கேணி ஸ்டேஷன்ல ஆறு வருஷம் இருந்தவன் நான். இது பாய் வீட்டு வார்த்தை."

தவமணி பேனாவைக் கீழே வைத்தாள்.

"கிரேக்கக் கிழவியின்ரை பெட்டியிலே உருதோ?"

"உருது இல்லை. இந்த மூணைத் தவிர வேற எதுவும் எனக்குப் புரியலை. உருதுவுக்கும் இதுக்கும் பொதுவா சில வார்த்தை இருக்கு, அவ்வளவுதான். அந்தம்மா ஆசியா மைனரிலேருந்து வந்தவங்க. அங்க என்ன பாஷை?"

இருவரும் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையை நினைத்தார்கள். தவமணிதான் சொன்னாள். "துருக்கி."

"ஆனா எழுத்து கிரேக்கம்."

"அதிலே என்ன அதிசயம்? எண்பத்து மூண்டிலே நான் கொழும்பிலே இருந்து அக்காவுக்கு ஒரு தந்தி அடிச்சனான். நான் சுகம், வீடு இல்லை, வாறன் எண்டு. தமிழ்தான். தபால் கந்தோரிலே தமிழ் எழுத்து எடுக்க மாட்டினம். அதாலே இங்கிலீஷ் எழுத்திலே எழுதிக் குடுத்தனான். அதைக் கொண்டுவந்து குடுத்த அமெரிக்கன் வாசிச்சுப் பார்த்துப்போட்டு, இது என்ன சங்கேதம் எண்டு அக்காவைக் கேட்டவனாம்." அவள் கடிதத்தைத் தட்டினாள். "பாதிரியார்தான் அந்த அமெரிக்கன். எழுத்து தெரியும். பாஷை தெரியாது."

ஜம்புநாதன் கண்ணாடியைக் கழற்றினார். "டைனர்ல டர்க்கிஷ் காபின்னு வாயைத் திறந்தாலே அந்த மனுஷனுக்குக் கோபம் வருது" என்றார். "அவங்க அம்மாவே டர்க்கிஷ்ல பேசறாங்கன்னு யார் போய்ச் சொல்றது?"

"நீங்கள்தான் முதலாளி. நான் டிரைவர்."

*

வியாழக்கிழமை இரண்டு மணிக்குச் சாம்பல் நிறத் தொப்பி வந்தது.

தொப்பிக்குக் கீழே இருந்தவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான ஆள். சாயப்பட்டறையில் காலத்தைக் கழித்தவரின் கைகள், நகத்தடியில் அழியாத நீலம். கையில் ஒரு காகிதப் பை வைத்திருந்தார். ஏமாற்றுக்காரன் என்றால் பையிலிருந்து பத்திரமும் பேனாவும் வரவேண்டும். வந்தது ஒரு கிண்ணமும் ஸ்பூனும். அரிசியைப் பாலில் குழைய வேகவைத்த பாயசம். வரவேற்பறையிலிருந்து திறந்த கதவு வழியாகத் தவமணி கவனித்தாள். அவர் ஸ்பூனை ஒவ்வொரு முறையும் கிழவியின் வாயில் இடது பக்கமாகவே வைத்தார். கிழவி தட்டைத் தள்ளவில்லை. சாப்பிட்டாள். நடுவில் என்னவோ சொல்லிச் சிரிக்கவும் செய்தாள்.

ஜம்புநாதன் உள்ளே போய், கதவருகில் நின்று கேட்டார். "தோஸ்தா, துஷ்மனா?"

ஸ்பூன் கிண்ணத்தில் விழுந்தது. தொப்பிக்காரர் எழுந்து நின்றார். கிழவி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"நீங்க யார்?" என்றார் அவர் ஆங்கிலத்தில்.

"இந்தம்மாவோட பையன் அனுப்பின ஆளுங்க. நீங்க தம்பி இல்லைன்னு எங்களுக்குத் தெரியும். இவங்க பேசறது துருக்கின்னும் தெரியும். மிச்சத்தை நீங்க சொன்னா நல்லது. நாளைக்கு இவங்களைப் பூட்டின வார்டுக்கு மாத்தறாங்க."

அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. மெதுவாக உட்கார்ந்தார். பெயர் யூனுஸ் என்றார். பாட்டர்சனில் சாயப்பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இதே இல்லத்தில் இருந்த ஒரு பழைய சிநேகிதரைப் பார்க்க வந்தபோது, இந்த அறையிலிருந்து யாரோ துருக்கியில் தண்ணீர் கேட்டது காதில் விழுந்திருக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்தார். கிழவி 'கர்தெஷிம்' என்றாள். தம்பி என்று அர்த்தம். புத்தகத்தில் உறவு எழுதாமல் உள்ளே விட மாட்டோம் என்றார்கள், அவள் கூப்பிட்டபடியே எழுதினார்.

"அவங்க துருக்கிதான் பேசறாங்கன்னு நீங்களாவது சொல்லியிருக்கலாமே?" என்றாள் தவமணி ஆங்கிலத்தில்.

"முதல் நாளே கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. மகனுக்குத் தெரியக் கூடாதுன்னு. அறுபது வருஷமா மறைச்சதாம்."

"அந்த திஷிம் ஆரியோர்?"

யூனுஸ் அவளை வியப்புடன் பார்த்தார். "நல்லாவே சொல்றீங்க. பல் வலிக்குது."

ஜம்புநாதன் திரும்பித் தவமணியைப் பார்த்தார். தவமணி வேறு பக்கம் பார்த்தாள்.

"வலது பக்கக் கடைவாய்ப் பல். அழுகிப்போயிருக்கு. அதனாலதான் சாப்பிடலை. டென்டிஸ்ட்கிட்ட கூட்டிப் போகணும்னு நர்ஸ்கிட்ட சொன்னேன். உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டாங்க. சத்தியம் பண்ணிட்டேனே, என்ன சொல்ல? அப்புறம் மகன் போன்ல என்னை நம்பாதீங்கன்னு சொல்லிட்டாராம்."

மூன்று வாரமாக ஒரு பல். மூளை நொறுங்கிவிட்டது என்று டாக்டரும், உளவு என்று பாதிரியாரும், மோசடி என்று மகனும் முடிவு செய்துவிட்டார்கள். பாவப்பட்ட பல் மட்டும் தன் விஷயத்தைத் திரும்பத் திரும்பத் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

ஜம்புநாதன் நர்ஸ் மேஜைக்குப் போய் இரண்டு போன் செய்தார். ஒன்று ஸ்டாவ்ரோஸுக்கு. மற்றொன்று எடிசனில் இருந்த பல் டாக்டர் பத்மநாபனுக்கு. போன வருடம் இதே பத்மநாபனை மாப்பிள்ளை விசாரணையில் அலசிக் காயப்போட்டு, பரவாயில்லை என்று ஜம்புநாதன் எழுதியதால்தான் அவருக்குக் கல்யாணம் நடந்தது. நாலரை மணிக்கு வருகிறேன் என்றார்.

*

ஸ்டாவ்ரோஸ் புயல் மாதிரி வந்தார். கையில் கடிதப் பை. யூனுஸைப் பார்த்ததும் முகம் சிவந்தது. தவமணி ஸ்டாவ்ரோஸைக் கட்டிலுக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்து, நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். பல்லில் ஆரம்பித்தாள். பல்லைப் பற்றிக் கேட்டபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். துருக்கி என்ற வார்த்தை வந்ததும் நிமிர்ந்தார்.

"பொய். என் அம்மா சுத்தக் கிரேக்கக்காரி."

டெஸ்பினா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேச்சு புரியாவிட்டாலும் அந்த ஒரு வார்த்தை அவளுக்கு விளங்கியிருந்தது. நல்ல கையால் போர்வை விளிம்பைப் பிடித்துப் பிடித்து மடித்தாள். தவமணி அதைக் கவனித்தாள். ஒளித்து வைத்ததை இன்னொருவர் எடுத்து வெளிச்சத்தில் வைக்கும்போது வருகிற பயம் அது. வேலையென்று அதைச் செய்தவள் தான் என்பதும் உறைத்தது.

"நிரூபிக்கச் சொல்லுங்க" என்று ஸ்டாவ்ரோஸ் ஒரு கடிதத்தை யூனுஸிடம் நீட்டினார். "துருக்கின்னா படிக்கட்டும்."

யூனுஸ் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கு இந்த எழுத்து தெரியாது. எங்களுக்குப் பள்ளிக்கூடத்துல ஆங்கில எழுத்து மாதிரிதான் சொல்லிக் கொடுத்தாங்க."

"பார்த்தீங்களா?"

"சார்" என்றாள் தவமணி. "அவருக்குப் பாஷை தெரியும். உங்களுக்கு எழுத்து தெரியும். நீங்க சத்தமா படிங்க. அவர் அர்த்தம் சொல்லட்டும். பொய்யா இருந்தா ரெண்டு வரியில தெரிஞ்சிடும்."

ஸ்டாவ்ரோஸ் வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தார். அர்த்தம் தெரியாமல், எழுத்துக் கூட்டி, ஒரு பெரிய உடம்புக்காரர் முதல் வகுப்புப் பையன்போல் படித்தார். முதல் வரி முடிவதற்குள் சுவர்ப் பக்கம் இருந்த தலை திரும்பியது.

யூனுஸ் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். மெல்ல மொழிபெயர்த்தார்.

"அன்பான மனைவிக்கு. துறைமுகத்துல மூட்டை தூக்கற வேலை கிடைச்சிருக்கு. சுகமா இருக்கேன். இங்க யாருக்கும் நம்ம பேச்சு புரியலை. ஊர்ல நம்மைக் கிரேக்கன்னு சொல்லிக் கப்பல்ல ஏத்தினாங்க. கிரீஸ்ல இறங்கினதும் துருக்கி விதைங்கறாங்க. அங்க பக்கத்து வீட்டு முஸ்லிம் தோஸ்தா இருந்தான். இங்க ஒரே கோயில்ல நிக்கறவன் துஷ்மன் மாதிரி பார்க்கறான். துனியா தலைகீழா போச்சு."

ஸ்டாவ்ரோஸ் காகிதத்தைத் திருப்பி, மறுபக்கத்தைப் படித்தார்.

"நம்ம டெஸ்பினா தெருவில வாயைத் திறக்க வேண்டாம். அவளைச் சீக்கிரம் கிரேக்கம் கத்துக்க வை. வீட்டுக்குள்ளயும் நம்ம பேச்சைக் குறைச்சுக்கோ. அவளோட பிள்ளைகளுக்கு இது தெரியவே வேண்டாம். அவங்களாவது ஒரே ஊர்க்காரங்களா இருக்கட்டும்."

கடிதத்தில் அவ்வளவுதான் இருந்தது. கட்டிலில் இருந்தவளின் கண்கள் நிறைந்து வழிந்தன. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. அறுபது வருடம் முன்பு இறந்த அப்பாவின் வார்த்தைகளைத் தன் மகனின் வாயிலிருந்து கேட்கிற வாய்ப்பு அவளுக்கு எதிர்பாராமல் கிடைத்திருந்தது. அந்த மகனுக்கு அதில் ஒரு வார்த்தைகூட யூனுஸ் சொல்லாமல் புரிந்திருக்காது.

ஸ்டாவ்ரோஸ் காகிதத்தை மடியில் வைத்தார். தனக்குள் பேசுகிறவர்போல் கிரேக்கத்தில் என்னவோ கேட்டார்.

அதற்கு யூனுஸ் பதில் சொன்னார். நாலைந்து வார்த்தைகள். ஆங்கிலம் இல்லை. கடிதத்தின் மொழியும் இல்லை.

ஸ்டாவ்ரோஸின் வாய் திறந்தபடி இருந்தது. யூனுஸ் தன் தொப்பியைக் கழற்றி, அதற்குள் எதையோ தேடுவதுபோல் பார்த்தார்.

"சார், என்ன நடந்துச்சு?" என்றார் ஜம்புநாதன்.

"நான் என்னையே கேட்டுக்கிட்டேன், அப்போ நாம யாருன்னு" என்றார் ஸ்டாவ்ரோஸ். "இவர், நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்கறார். கிரேக்கத்துல. கோயில்ல பைபிள் படிக்கற மாதிரி ஒரு பழைய கிரேக்கத்துல."

யூனுஸ் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். துருக்கியில் கருங்கடல் ஓரத்து மலைக் கிராமம். நாலு தலைமுறைக்கு மேல் முஸ்லிம்கள். வீட்டில் பேசியது இந்தக் கிரேக்கம். அம்மாவுக்குத் துருக்கி பாதிதான் தெரியும். பள்ளியில் இந்தப் பேச்சு வாயில் வந்தால் வாத்தியார் பிரம்பால் அடிப்பார். வீட்டில் என்ன பேசுகிறீர்கள் என்று யார் கேட்டாலும், துருக்கி என்று சொல்லவே பிள்ளைகளைப் பழக்கினார்கள்.

"இருபத்து மூணுல ரெண்டு தேசமும் ஒப்பந்தம் போட்டு ஜனங்களை மாத்திக்கிட்டப்போ பேச்சைக் கேட்கலை. மதத்தைத்தான் கேட்டாங்க. துருக்கி பேசின கிறிஸ்துவங்களைக் கிரேக்கன்னு அனுப்பினாங்க. கிரேக்கம் பேசின எங்களைத் துருக்கின்னு வெச்சுக்கிட்டாங்க." அவர் கையைக் கூப்பாத குறையாக ஜம்புநாதனைப் பார்த்தார். "இதை உங்க ரிப்போர்ட்ல எழுத வேண்டாம். என் பையன் பாட்டர்சன் துருக்கியர் சங்கத்துல செயலாளர். கிரேக்கர் சங்க ஊர்வலம் வரும்போதெல்லாம் எதிர்ல நின்னு கோஷம் போடறவன் அவன்தான்."

"எனக்குத் தெரியும் அந்தப் பையனை" என்றார் ஸ்டாவ்ரோஸ். "நல்ல தொண்டை."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அறையின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

தவமணி வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருப்பாள். இன்றைக்கு அவளுக்கு வேறொன்று வந்தது. ஆங்கிலத்தில், யூனுஸைப் பார்த்துச் சொன்னாள். "எண்பத்து மூணுல கொழும்புல கலவரக்காரங்க பஸ்ஸை நிறுத்தி, வாளிக்குச் சிங்களத்துல என்னன்னு கேட்டாங்க. தமிழர் வாயில அந்த வார்த்தை சரியா வராது. நான் சரியா சொன்னேன். எனக்குப் பின் சீட்ல இருந்தவர் சரியா சொல்லலை." சற்று நிறுத்தினாள். "ரிப்போர்ட்டை டைப் அடிக்கறது நான்தான். வந்தவர் யூனுஸ், குடும்ப நண்பர்னு போடுவேன்."

ஜம்புநாதன் தலையசைத்தார். அவள் அந்த பஸ்ஸைப் பற்றி மூன்று வருடத்தில் அவரிடம் ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

நர்ஸ் எட்டிப் பார்த்து, பல் டாக்டர் வந்துவிட்டார் என்றாள். வெள்ளிக்கிழமை மாற்றலுக்கான தாளை என்ன செய்வது என்று கேட்டாள். ஸ்டாவ்ரோஸ் அதை வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்போது டெஸ்பினா கட்டில் கம்பியை மோதிரத்தால் தட்டினாள். பையில் இருந்த மற்ற ஐந்து கடிதங்களைக் காட்டி, மகனைப் பார்த்து நீளமாக என்னவோ சொன்னாள். குரலில் அதிகாரம் இருந்தது.

"என்ன சொல்றா?" என்றார் ஸ்டாவ்ரோஸ்.

யூனுஸ் தயங்கினார். "டாக்டர் காத்திருக்கட்டும், மிச்சத்தையும் படிங்கறாங்க."

"இன்னும் ஏதோ சொன்னாளே?"

"அது வந்து..." யூனுஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க உச்சரிப்பு கேட்கச் சகிக்கலையாம். கிரேக்கன் பேசற மாதிரி இருக்காம்."

கிரேக்கர் சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கடிதத்தைப் பிரித்து, நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டார்.

"எப்படிச் சொல்லணும்னு கேளுங்க" என்றார்.